பந்தலுக்குள் ஒரு கை

"பாருங்க, நல்லாப் பாருங்க! இது யாரு கை?"

ஜெயா கைபேசியைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிசிடிவி படம். காலை ஏழரை மணி. பக்கத்து வீட்டு வேலிக்கு மேலாக ஒரு கை நீண்டு, அவளுடைய பூசணிப் பந்தலில் ஒரு பூவைப் பறித்தது. இதழ்களைப் பிய்த்துப் போட்டது. மிச்சத்தை இன்னொரு பூவுக்குள் விட்டு எதையோ தடவியது.

"பிச்சைமுத்து அண்ணன் மாதிரி தெரியுதே," என்றார் தனபாலன்.

"மாதிரி என்ன மாதிரி? அவரேதான்! நான் ஆறரைக்கு ஃபேக்டரி பஸ் ஏறினதும் வந்துடுறாரு. பிஞ்செல்லாம் ஏன் மஞ்சளாகி விழுதுன்னு இப்பத் தெரியுதா? ஏதோ மருந்து வெக்கிறாரு!"

"அவரு ஏன் வெக்கணும்? சும்மா இருலா."

"அவரோட தேனீப் பெட்டிய நகராட்சி ஆபீசுல எடுக்கச் சொல்லிட்டாங்கல்ல, அந்தக் கோபம். நான்தான் புகார் கொடுத்தேன்னு நினைக்கிறாரு போல."

"நீயா கொடுத்த?"

"ஐயோ, நான் ஏன் கொடுக்கப் போறேன்?" ஜெயா கைபேசியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

அலோர் காஜா ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் அவள் போட்ட முதல் தோட்டம் அது. ஆடித் திருவிழா அன்னதானத்துக்கு எங்கள் வீட்டுப் பூசணிதான் என்று கோயிலில் எல்லாரிடமும் பீற்றியாகிவிட்டது. திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான். பந்தலில் ஒரு காயைக் காணோம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சமையலறை ஜன்னலில் காத்திருந்தாள். சரியாக ஏழரைக்குக் கை நீண்டது. ஜெயா ஓடினாள்.

"கையும் களவுமா மாட்டினீங்களா அண்ணே!"

பிச்சைமுத்து திடுக்கிட்டார். விரல் நடுவே இதழில்லாத ஒரு பூ.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. இது ஆண் பூ. அந்தா, அடியில குட்டிக் காயோட இருக்கே, அது பெண் பூ. இதை அதுல தொட்டு விட்டாத்தான் காய் நிக்கும். என் தேனீங்க பார்த்துக்கிட்டிருந்த வேலை இது. பெட்டியத்தான் ரெம்பியாவுல இருக்கிற மச்சான் வீட்டுக்கு அனுப்பியாச்சே."

"அப்ப பிஞ்செல்லாம் விழுந்தது?"

"லோரி ஓட்டினவனுக்குப் பூ வேலை லேசுல வருமா? முதல்ல பத்து மணிக்கு வந்தேன், பூ மூடிக்கிச்சு. அப்புறம்தான் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன். இதைப் பாருங்க."

இலையை விலக்கினார். கைமுட்டி அளவுக்கு ஒரு காய், பச்சையாக, கெட்டியாக உட்கார்ந்திருந்தது. தினமும் தண்ணீர் ஊற்றியும் அவள் கண்ணில் படாத காய்.

ஜெயா குனிந்து காயைத் தொட்டுப் பார்த்தாள். "பெட்டி போன வருத்தத்துல எங்க கொடி எப்படிண்ணே ஞாபகம் வந்துச்சு?"

"புகாரோட வந்த போட்டோவ ஆபீசர் காட்டினாரு தங்கச்சி. உங்க பந்தலுக்குள்ள நின்னு எடுத்த போட்டோ. என் பெட்டிக்கு முன்னாடி உங்க பூசணிப் பூ மொட்டு மொட்டாத் தொங்குச்சு. பெட்டிய எடுத்துட்டா இதுங்களுக்கு யாரு இருக்கான்னு அப்பவே நினைச்சுக்கிட்டேன்."