ஓடைக்கரையின் ஒற்றைத் தவளை

ஓடையோரம் வனத்துறை நட்டிருக்கும், ஒலிகளைப் பதியும் கேட்புக் கம்பத்துக்கு இந்த மலையின் எல்லாத் தவளைகளின் குரலும் தெரியும். அவற்றில் அழிந்துவரும் செம்புதர்த் தவளையின் குரல் மட்டும் ஒரு மாதம் கேட்காவிட்டால் போதும், அதற்காக இருக்கும் காப்பு நீங்கி, கரை ரிசார்ட் கட்டப் போய்விடும். அங்கிருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் பன்னிரண்டு லயன் வீடுகளும் கூடவே போய்விடும்.

அந்தக் குரல் நின்று மூன்று மழைக்காலம் ஆகிறது. அன்றிலிருந்து அருள்மேரி தேயிலை பறித்துத் திரும்பியதும் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டுகிறாள். டக், டக், டக். கம்பம் தினமும் ‘ஆண், ஒன்று’ என்று பதிந்துகொள்கிறது.

நேற்று வனத்துறைப் பெண் ஒருத்தி பாசி நிரப்பிய டப்பாவோடு வந்தாள்.

“மூணு வருஷமா ஒத்தையில கத்திக்கிட்டு கெடக்குதுக்கா, பாவம். எங்க ஆய்வகத்துல கடைசியா ஒரே ஒரு பொட்டைதான் மிச்சம். கொண்டாந்துட்டேன்.”

சிரித்தபடியே அதை ஓடைப் புதரில் விட்டுவிட்டுப் போனாள்.

இன்று மாலை அருள்மேரி கற்களைத் தட்டியபோது புல் அசைந்தது. கட்டைவிரல் அளவுத் தவளை ஒன்று தத்தித் தத்தி வந்து, படியேறி, அவள் காலருகே உட்கார்ந்தது. அவள் கை நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்ட? தட்டு புள்ள!” என்றான் உள்ளிருந்து கணவன்.

அவள் குனிந்தாள்.

“இங்க வேற யாருமில்ல தாயி. நாந்தான் தட்டுனேன்.”

பிறகு மறுபடி தட்டினாள். தவளை இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது.