பதினோராவது ஆள்

"நேத்து மட்டும் பதினோரு பேரைத் தீர்த்துக்கட்டினேன் டாக்டர்" என்றான் அவன்.

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்த விரலால?"

வீங்கிப்போன கட்டைவிரலை நீட்டினான். பகலெல்லாம் செருப்புக் கடையில் குனிந்து குனிந்து அளவு பார்க்கிறவன். செல்போன் விளையாட்டிலோ அவன் பெயர் எமன், கழுகுப் படையின் தளபதி. நாளைக்கு ஃபைனல், விரலோ மடங்க மாட்டேன் என்கிறது.

"எமனா?" டாக்டர் எழுந்தே விட்டார். "நானும் கழுகுதாங்க. உங்க படையில சாதா சிப்பாய்."

அப்புறம் என்ன, இருவரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

"பதினோராவது ஆள் யாரு தெரியுமா? நாகப் படைத் தளபதி குளவி."

"அந்தக் கட்டைக்குரல்காரனா? 'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்'னு சொல்லிச் சொல்லியே என்னை ஆறு தடவை சுட்டானே!"

"அவனேதான். அது நிஜக் குரல் இல்ல டாக்டர், போன்ல மாத்திப் பேசறான்."

"எப்படிச் சாய்ச்சீங்க?"

"சமாதானம்னு வெள்ளைக் கொடி காட்டினேன். நம்பித் திரும்பினான். முதுகுல போட்டேன்."

டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மூலையில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. போர்த் தந்திரமெல்லாம் இவளுக்கு எங்கே புரியப் போகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"சரி தளபதி, ஒரு ஊசி போட்டா நாளைக்கு விரல் மடங்கிடும்."

"ஊசியா? மாத்திரையா எதுவும் இல்லையா?" தளபதி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் குலை நடுங்கும்.

"படைக்காக" என்றார் டாக்டர்.

படை என்று வந்த பிறகு மறுக்க முடியுமா? திரைக்குப் பின்னால் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு குப்புறப் படுத்தான். காலடிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"சிஸ்டர், ரொம்ப வலிக்குமா?"

நர்ஸ் ஊசியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு சொட்டு வெளியே விட்டாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், எமா."