காதில் விழாத வரை

ராஜாவுக்குத் தலைப்பாகை கட்டும் பதினெட்டு முழப் பட்டில் ஏழாவது மடிப்பை எடுக்கும்போதுதான் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

கீழே முற்றத்தில் மருமகன் நின்றிருந்தான்.

கை நின்றுவிட்டது. ராஜாவின் தலை லேசாக அசைந்தது. கை மறுபடி ஓடத் தொடங்கியது.

விஜயதசமி அன்று நாலு மணிக்கு மேளம் முழங்க ராஜா அம்பு போடப் புறப்படுவார். அதற்குமுன் தலைப்பாகை கட்டியாக வேண்டும். கட்டி முடியும் வரை ராஜா கண்ணைத் திறக்கக் கூடாது. கட்டுகிறவர் பாதியில் நிறுத்தக் கூடாது. இன்னொருவர் கை படக் கூடாது. கூடாது கூடாது என்றே, கட்டுகிற அவருக்கு முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

சொர்ணத்துக்கு முந்தாநாள் இடுப்புவலி கண்டதையே பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஒரே மகள். தலைச்சன் பிரசவம். நேற்றுக் காலை வரை பிறக்கவில்லை என்றார் பால்காரர். இன்று அந்த ஆள் கண்ணிலேயே படவில்லை.

முற்றத்தில் அரண்மனைக் காரியஸ்தர் ஓடி வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மருமகனை மறித்தார். அந்த மனிதர் ஓடி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாத வரை இல்லை. இது அரண்மனைச் சட்டம்.

விழுந்துவிட்டால் அதன்பின் அவர் ராஜாவைத் தொட முடியாது. பட்டு பாதியில் நிற்கும். அம்பு போடுவது நின்றுபோகும். அம்பு போடாத வருஷம் மழை பெய்யாது என்று ஊரே நம்புகிறது. அவரும் நம்புகிறார், அதுதான் கொடுமை.

சட்டம் போட்டவர்கள் காதுக்கு மட்டும் போட்டார்கள். கண்ணை மறந்துவிட்டார்கள்.

எட்டாவது மடிப்பு.

பேரப்பிள்ளை பிறந்தாலும் தீட்டு. ஆள் போனாலும் தீட்டு. இரண்டுக்கும் காரியஸ்தர் இப்படித்தான் விழுந்தடித்துக்கொண்டு வந்து மறிப்பார். ஆகவே, மறித்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த ஒரு எண்ணத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

மருமகனின் தலை ஈரமாக இருந்தது. வரும் வழியில் மழை தூறியிருக்கும்.

வானம் வெளுத்துக் கிடந்தது.

அவன் கையில் கற்கண்டுப் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்தார். தூண் மறைத்தது. எக்கிப் பார்க்கவும் வழியில்லை. இழுத்துப் பிடித்திருக்கும் பட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் எட்டு மடிப்பும் சரிந்துவிடும்.

ராஜா நல்லவர். போன வாரம்கூட, பெண்ணுக்கு மாசம் நெருங்கிவிட்டதா என்று விசாரித்தார். இப்போது சொன்னால் மனம் வருந்துவார். ஆனால் அவர் பாட்டனார் காலத்துச் சட்டத்தை மாற்ற அவருக்கும் அதிகாரம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருக்கத்தான் அவராலும் முடியும்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. பிள்ளை பெத்துட்டாளா என்று குனிந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

முப்பத்தொரு வருஷத்தில் இந்த அறையில் அவராக வாய் திறந்ததில்லை. இப்போது திறந்தால் என்ன சத்தம் வருமோ என்று பயமாக இருந்தது.

ஒன்பதாவது மடிப்பு கோணிவிட்டது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. போன வருஷம் இப்படி நடந்திருந்தால் ஒரு வாரத்துக்கு அவருக்குச் சோறு இறங்கியிருக்காது. இப்போது அதன்மேலேயே அடுத்த சுற்றைச் சுற்றினார்.

கீழே யாரோ மோர் கொண்டுவந்து நீட்டினார்கள். மருமகன் வாங்கவில்லை.

காரியஸ்தர் அவன் தோளில் கை வைத்தார். பிள்ளை பெற்றவனையும் தோளில் தட்டிக்கொடுப்பது உண்டுதானே.

காரியஸ்தர் தட்டவில்லை. வைத்த கையை எடுக்கவும் இல்லை.

மருமகன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். இப்போது அவன் கைகள் தெரிந்தன. இரண்டும் வெறுமையாக இருந்தன. அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்துவிட்டான்.

வாய் திறந்தான்.

காரியஸ்தர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அடிக்கத் தொடங்கினார்கள். தவிலும் முரசும் சேர்ந்து எழுந்த அடியில் ஜன்னல் கதவு அதிர்ந்தது.

மருமகன் வாய் மூடவே இல்லை. அதிலிருந்து ஒரு சத்தமும் மாடிக்கு வந்து சேரவில்லை.

"நாலாயிடுச்சா?" என்றார் ராஜா. கண் மூடியே இருந்தது. குரலில் சந்தேகம்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரைதான் ஆகியிருந்தது.

இல்லை என்று சொன்னால், பிறகு மேளம் எதற்கு என்று ராஜா கேட்பார். ராஜா கேட்டால் யாராவது வந்து பதில் சொல்லியாக வேண்டும். இந்த அறையில், இவர் காது கேட்க. யாரும் சொல்லாத வரை சொர்ணம் வலியோடு படுத்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள்.

"ஆயிடுச்சு, மகாராஜா."

பத்தாவது மடிப்பை மிக மெதுவாக எடுக்கத் தொடங்கினார்.