மிஷின் ஓடினால் ஆறு பேர்

"மிஷின் இன்னிக்கும் ரோசாக்கா, அண்ணே?"

"ரோசாக்தான்ம்மா, ஓடாது. பெல்ட் தகராறு பண்ணுது" என்றார் திருநாவுக்கரசு, பால் கலக்காத தே-ஓ கோப்பையைக் கீழே வைக்காமலே.

பிரமிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெலுத்தோங்கில் இருக்கும் அந்த மசாலாத்தூள் பேக்டரியில் அவள் சூப்பர்வைசராகச் சேர்ந்த நாளிலிருந்து இதே பதில்தான். பேக்கிங் மிஷின் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மெக்கானிக் ஸ்டூலில் தூங்குகிறார். பங்களாதேஷ் தம்பிகள் எட்டு பேர் தும்மிக்கொண்டே கரண்டியால் அள்ளி அள்ளிப் பொட்டலம் போடுகிறார்கள். லிட்டில் இந்தியா கடைக்காரர்களோ சரக்கு எங்கே என்று போனில் கத்துகிறார்கள்.

தண்டச் சம்பளம் என்பார்களே, அதற்குக் கை கால் முளைத்தால் இந்த மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாள். தார்ப்பாயை விலக்கி, மிஷினிலிருந்து நல்ல பெல்ட் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார் திருநாவுக்கரசு.

"நல்லா இருக்குண்ணே. நீங்களே கெடுத்துட்டு, ரோசாக்னு வேற சொல்றீங்களா? மொதலாளிகிட்ட சொல்லத்தான் போறேன்."

அவர் மறைக்கப் பார்க்கவில்லை.

"சொல்லும்மா. ஆனா ஒண்ணு. இது ஓடினா ரெண்டு ஆள் போதும். மத்த ஆறு பேரை ஊருக்கு ஏத்தி விட்டுடுவேன்னு இதை வாங்குன அன்னிக்கே மொதலாளி சொல்லிட்டாரு. அந்த இத்ரீஸுக்குப் போன மாசம்தான் பொண்ணு பொறந்திருக்கு. வெறுங்கையோட எப்படிம்மா ஊருக்குப் போவான்?"

"எல்லாரும் உங்களைச் சோம்பேறின்னு ஏசுறாங்களேண்ணே."

"ஏசட்டும் லா. ஏசினா உடம்புல ஒட்டிக்கவா போகுது?"

பிரமிளாவுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. ஏசியவர்களில் முதல் ஆள் அவள்தானே.

அன்று மதியம் முதலாளி சிவநேசன் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வெளியில இருந்து ஒரு மெக்கானிக் வரான், பிரமிளா. மிஷினுக்கு என்ன கேடுன்னு பார்த்துடுவோம்."

வெளியாள் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். திருநாவுக்கரசும் போவார், அந்த ஆறு பேரும் போவார்கள்.

"எதுக்கு பாஸ் வீண் செலவு?" என்றாள் அவசரமாக. "ஆளுங்க கையாலயே நல்லாத்தானே போடுறாங்க. மலிவா வேலை முடியுது. நமக்கு மிஷினே தேவையில்ல."

அத்தனையும் பொய். நேற்றுதான் அவர்களை ஆமை என்று திட்டியிருந்தாள்.

சிவநேசன் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"நீ சொல்றதும் சரிதான். மிஷின் விலைக்கு எத்தனை பேரை வச்சு வேலை வாங்கலாம். வாங்கினதுதான் தப்பு. அந்த மெக்கானிக்கை வர வேணாம்னு சொல்லிடறேன்."

அப்பாடா என்று இருந்தது பிரமிளாவுக்கு. வாசல்வரை போய்விட்டாள்.

"இரும்மா. மிஷினே வேணாம்னா, அதைப் பார்த்துக்க ஒரு ஆள் எதுக்கு? திருநாவை இந்த மாசக் கடைசியோட நிறுத்திடுவோம். அவர் சம்பளத்துல இன்னும் ரெண்டு பங்களாதேஷிய எடுத்துக்கலாம்."

பெல்ட்டை மாற்றினால் மிஷின் ஓடும் என்று சொன்னால் ஆறு பேர் போவார்கள். சொல்லாவிட்டால் அவர் போவார்.

"நீயே அவர்கிட்ட சொல்லிடும்மா" என்றார் சிவநேசன், குரலைத் தழைத்துக்கொண்டு. "பாவம், நல்ல மனுஷன். அவர் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வராது."