டைமர் வேண்டாம்

மண்ணே இல்லாமல் வீட்டுக்குள் கீரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக் டவர்கள் அந்த ஓசூர் கடையில் வரிசையாக நின்றன. மணிமேகலை இருப்பதிலேயே விலை குறைந்ததைக் காட்டினாள்.

“அது வேணாங்க்கா,” என்றார் கடைக்காரர். “தண்ணிய மேல ஏத்துற மோட்டார் ரொம்ப இரையும். வாங்கினவங்க தூக்கம் போச்சுன்னு திருப்பிக் குடுத்த பீஸு அது. கொஞ்சம் காசு கூடப் போட்டா சத்தமே வராதது இருக்குது.”

“இந்த இரையறதையே போட்டுக் காட்டுங்க.”

போட்டார். மணிமேகலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இதையே குடுங்க. நிறுத்தாம ஓடுமா?”

“எதுக்குக்கா? டைமர் வெச்சா கால்மணி நேரம் ஓடி அதுவே நின்னுக்கும். செடிக்கு அது போதும்.”

“நிக்கக் கூடாதுங்க.”

“சரி, என்ன கீரை போடப்போறீங்க?”

அவள் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அவராகக் கொடுத்த விதைப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டவரைக் கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டாள். கிரானைட் பட்டறைத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன கணவர் குருமூர்த்திக்காக, வாடகை ஆக்சிஜன் மெஷின் இரண்டு வருஷம் இரவு பகலாக இரைந்துகொண்டு ஓடிய இடம் அது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வந்து எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை.

மோட்டார் இரைந்தது. விதைப் பொட்டலம் பையிலேயே கிடந்தது.

பட்டப்பகல் மூன்று மணிக்கு, காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில், எப்போதும்போலத் தரையில் பாயை விரித்துப் படுத்தாள் மணிமேகலை. படுத்ததுமே தூங்கிப்போனாள்.