பதினேழு குறைகள்

"மறுபடியும் அந்த ஆளுதான் அக்கா!"

தம்பி கைப்பேசியை வைத்த வேகத்தில் மேஜையிலிருந்த காபி தளும்பியது.

காலை பத்து மணிக்குத்தான் மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிட்டிருந்தார்கள். பன்னிரண்டுக்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. பதினேழு குறைகள், வரிசை எண்ணோடு.

பதினோரு வருஷமாக இதே கூத்துதான். எந்தப் பதிப்பு வந்தாலும் முதல் ஆளாகக் குற்றம் கண்டுபிடித்து எழுதுவார். பெயர் போடமாட்டார். ஆபீசே அவருக்கு 'நொட்டையார்' என்று பட்டம் சூட்டியிருந்தது.

"இதுவரைக்கும் ஒரு தடவைகூட வாங்கினதில்லை. முப்பது நாள் இலவசப் பதிப்புலேயே ஓட்டறார். கண்டிப்பா போட்டிக் கம்பெனி கைக்கூலி. ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டா வாலைச் சுருட்டிக்குவார்."

அவள் பட்டியலைப் படித்தாள்.

'மூன்று: கிளியின் எடையைப் போட்டால் பூஜ்யம் என்று காட்டுகிறது. மருந்தின் அளவும் பூஜ்யமாகிவிடுகிறது. ஒன்பது: இறந்துபோன நாய்க்கும் தடுப்பூசி நினைவூட்டல் போகிறது. வளர்த்தவர்கள் மனசு என்ன பாடுபடும்?'

"சரியாத்தானேடா சொல்றார்."

"நீ வேற! தலைமேல தூக்கி வெச்சுக்கோ."

வங்கியில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் விளையாட்டாக எழுதிய மென்பொருள் அது. அண்ணி கால்நடை மருத்துவர். எந்த நாய்க்கு எப்போது ஊசி என்று நோட்டுகளைப் புரட்டித் திண்டாடுவதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். நன்றாக வரவே, இணையத்தில் எல்லோருக்கும் சும்மாவே கொடுத்தாள். பிறகு வேலையை விட்டாள். கம்பெனி வைத்தாள். இன்று அவளிடம் முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள்.

"நோட்டீஸ் அப்புறம் விடலாம். முதல்ல இந்த மனுஷன் யாருன்னு தெரியணும். மண்டை குடையுது."

'உங்களை நேரில் பார்க்கலாமா?' என்று எழுதினாள். பத்தே நிமிஷத்தில் முகவரி வந்தது. கூடவே ஒரு வரி: 'இங்கே லிஃப்ட் சரியில்லை. மூன்று மாடி ஏற வேண்டும்.'

"இதுலயும் ஒரு குறை!" என்றான் தம்பி.

மூச்சு வாங்க ஏறிப்போய் மணியை அழுத்தினார்கள். கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "வாங்கம்மா, வாங்க தம்பி" என்றார்.

ஜன்னலோரம் ஒரு கணினி. திரையில் அவளுடைய மென்பொருள். அதில் நூற்றுக்கணக்கான நாய்கள், பூனைகள், ஒரு கழுதைகூட.

"உங்க ஆஸ்பத்திரி எங்கே சார் இருக்கு?"

"ஆஸ்பத்திரியா? எனக்கு நாயைக் கண்டாலே நடுக்கம்மா. இதெல்லாம் சும்மா கற்பனை. பேரு போட்டு, எடை போட்டு, எங்கே தப்பு வருதுன்னு பார்ப்பேன்."

தம்பி பொறுமை இழந்தான். "நேராவே கேட்கறேன். எந்தக் கம்பெனி உங்களை அனுப்புது?"

"என் கம்பெனிதான் தம்பி." பெரியவர் சிரித்தார். "அதை மூடி பதினோரு வருஷமாச்சு. நானும் கால்நடை டாக்டருங்களுக்குத்தான் மென்பொருள் எழுதி வித்துட்டிருந்தேன். தனி ஆளு. இந்த அம்மா இலவசமா கொடுக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் என்னோடதை யாரு காசு கொடுத்து வாங்குவா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு யார் வயிற்றில் அடித்தது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"சார்... எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கோபத்துலதான் குறை எழுதறீங்களா?"

"கோபம் இல்லாமலா? குறை கண்டுபிடிச்சு என் டாக்டருங்ககிட்ட சொல்லி, அவங்களைத் தடுத்துடணும்னுதான் முதல்ல திறந்தேன். ரெண்டு நாள் அலசினேன். என்னோடதைவிட உங்களோடது நல்லா இருந்துச்சு. என்ன பண்றது?"

அவள் மெதுவாகக் கேட்டாள். "அந்த வருஷம்தான் திடீர்னு அறுபது டாக்டருங்க வரிசையா எங்ககிட்ட வந்தாங்க. காசு கொடுத்து வாங்கவும் தயார்னு சொன்னாங்க. அந்தத் தைரியத்துலதான் நான் வேலையையே விட்டேன். அவங்க எப்படி வந்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குப் புரியலை..."

"நான்தான்மா அனுப்பினேன்." பெரியவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினார். "என்னை நம்பிப் போனவங்க. போன இடத்துல நல்லா இருக்காங்களான்னு பார்த்துக்க வேணாமா?"