கடைசி வரிசை

"இந்த வருஷம் மட்டும் விளக்கை அணைக்க வேண்டாம்னு சொல்லிப் பாருங்களேன்."

மெழுகுவர்த்திப் பெட்டியோடு வாசலில் நின்ற கோயில் காவல்காரர், கெஞ்சியவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் புதிது. கோட்டு முழுக்கப் பொறி பட்ட ஓட்டைகள்.

"வெல்டிங் வேலையா?"

"ஆமாங்க."

"நாள் பூரா நெருப்போட குடித்தனம் பண்றீங்க, இருட்டுக்கா பயம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க."

"பேயைச் சொல்லலைங்க. அந்த மிரட்டல்..."

காவல்காரரின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஊருக்கே தெரிந்த கதைதான். மரக்கிடங்கு முதலாளியின் ஆட்கள் குடிசைகளுக்குத் தீ வைத்ததைப் போதகர் கண்ணால் பார்த்திருந்தார். விடுமுறை முடிந்ததும் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறார். போன வாரம் போன் வந்தது. 'கிறிஸ்துமஸ் ஆராதனையில விளக்கை அணைப்பீங்கல்ல, அப்ப உங்க விளக்கும் அணையும்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"போலீஸ்காரங்களும் இதையேதான் சொன்னாங்க. ஐயா கேட்டாத்தானே? இருட்டுக்குப் பயந்து விளக்கை எரிய விட்டா அப்புறம் எதுக்குக் கிறிஸ்துமஸ்ங்கறார். எல்லா விளக்கும் அணையும். ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரியும். அதிலிருந்து பக்கத்துல இருக்கவங்க, அவங்ககிட்டேருந்து அடுத்தவங்கன்னு கோயில் பூரா வெளிச்சம் வந்துடும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. எரியறதைச் சாய்க்கக் கூடாது, மெழுகு கொட்டிடும். எரியாததுதான் சாயணும். இந்தாங்க."

அவன் இடது கையை நீட்டினான்.

"நல்ல நாளும் அதுவுமா இடது கையாலயா வாங்குவீங்க?"

"வலது கையில அடிபட்டிருக்குங்க." அந்தக் கை கோட்டுப் பைக்குள் கிடந்தது.

கதவை ஒட்டிய கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். கோயில் நிரம்பி வழிந்தது, ஆனால் கல்யாண வீட்டுக் கலகலப்பு இல்லை. ஆளுக்கு ஆள் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் பார்த்தான். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது, கால் வரவில்லை.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க இங்க உக்காந்தது நல்லதாப் போச்சுண்ணே" என்றாள் மெதுவாக. "கதவுப் பக்கம் ஆம்பளைத் துணை இருந்தா ஒரு தைரியம்."

"முன்னாடி போய் உக்காரலாமேம்மா?"

"முன்னாடி உக்காந்தா அவர் என் முகத்தைப் பாப்பார். பாத்தா பிரசங்கம் ஓடாது." பீடத்தை நோக்கித் தலையசைத்தாள். "அவர் என் வீட்டுக்காரர்."

அவன் அதன்பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பிரசங்கம் என்னவோ நடந்தது. ஒரு சொல்கூட அவன் காதில் ஏறவில்லை. விளக்கு அணைந்தால் என்ன நடக்கும் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. மின்சாரம் பழுதாகட்டும், மழை கொட்டட்டும், யாராவது மயங்கி விழட்டும், எதையாவது சாக்கு வைத்து இதை நிறுத்திவிட மாட்டார்களா என்று ஏங்கினான். ஏங்கிக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் அணைந்தன.

கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. இத்தனை பேர் இருந்தும் ஒரு இருமல்கூட இல்லை. அந்தப் பெண் வாய்க்குள் ஜெபம் செய்வது மட்டும் கேட்டது.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது.

யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். நடுப்பாதையில், அவசரமில்லாமல், வரிசை வரிசையாகக் கடந்து, நேராக அவனை நோக்கி வந்தார்கள். அவன் எழ முயன்றான். முடியவில்லை. காலடி அவன் எதிரில் வந்து நின்றது. மூச்சுக்காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான், எல்லாம் தெரிந்துவிட்டது, தொலைந்தோம் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

தீக்குச்சி உரசியது.

கண்ணைத் திறந்தால் எதிரில் போதகர், கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு. இவ்வளவு கிட்டத்தில் அவரை அவன் பார்த்ததில்லை. கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார்.

"புதுசா வந்திருக்கீங்களா தம்பி? எங்க கோயில்ல வெளிச்சம் பீடத்துல தொடங்காது, கடைசி வரிசையிலதான் தொடங்கும். இருட்டு அதிகமா இருக்கற இடத்துக்குத்தானே ஆண்டவரே வந்தார். சாய்ங்க."

அவன் மெழுகுவர்த்தியைச் சாய்த்தான். திரி பற்றிக்கொண்டது. கதவிடுக்கில் வந்த காற்று உடனே சுடரை மடக்கியது.

"இன்னொரு கையால மறைச்சுக்கங்க தம்பி."

"அவருக்கு அந்தக் கையில அடி போல, பையை விட்டு எடுக்கவே இல்ல" என்றாள் மனைவி.

"அப்படியா? இருங்க, நான் மறைச்சுக்கறேன்." போதகர் இன்னும் ஓர் அடி நெருங்கி வந்து, தன் உள்ளங்கையை அவன் சுடரைச் சுற்றி வைத்தார். மெழுகு ஒழுகி அவர் விரலைச் சுட்டது. கையை எடுக்கவில்லை.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க கையை எடுங்கய்யா. நானே மறைச்சுக்கறேன்."

சாயங்காலத்திலிருந்து வெளியே வராத வலது கை, மெல்ல வெளியே வந்து சுடரைச் சுற்றி நின்றது. அதில் காயம் எதுவும் இல்லை. 'விளக்கு அணைஞ்சதும் நேரா பீடத்துக்குப் போ' என்று சொல்லி மரக்கிடங்கு முதலாளி மத்தியானம் அந்தக் கையில் திணித்த கத்திதான், பைக்குள் தனியாகக் கிடந்தது.